கசத்தின் ஒன்றுவிட்ட சகோதரங்கள்

மார்ச் மாதத்தில் ஒரு பின்னேரம். வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில் லிஃப்டுக்காகக் காத்து நின்றேன். மேல்வீட்டு மாமி மடித்த கடதாசி ஒன்றோடு வந்தார்.

“தம்பி, நீர் சளி சோதிக்கிற இடத்திலைதானே வேலை? இதை ஒருக்காப் பாரும். மேலை ரெண்டு இடத்திலை இல்லை எண்டு போட்டிருக்கு. கீழை வளர்ந்திருக்கு எண்டு போட்டிருக்கு. எனக்குக் கசம் இருக்கோ, இல்லையோ?”

கசம் என்றால் காசநோய். அறிக்கையில் மூன்று வரிகள்தான். சளியை நுணுக்குக்காட்டியில் பார்த்ததில் கிருமி இல்லை. ஜீன்எக்ஸ்பேர்ட் என்ற மரபணுச் சோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. நான்கு கிழமை வளர்த்துப் பார்த்ததில் மைக்கோபற்றீரியா வளர்ந்திருக்கிறது, ஆனால் அது காசநோய்க் கிருமி அல்ல. மூன்று வரியும் சரி, ஒன்றோடொன்று முரண்படவும் இல்லை. இதை லிஃப்ட் வருவதற்குள் சொல்லி முடிக்க முடியாது என்பதால் மாமி வீட்டுக்கே போய் உட்கார்ந்தேன். அன்று அவருக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்குச் சொன்னதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமிக்கு 66 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை, மெலிந்த உடம்பு. சிகரெட் புகை பக்கத்தில் வந்தாலே முகத்தைச் சுளிப்பவர். ஒன்றரை வருடமாகக் காலையில் எழும்பினால் இருமல், கொஞ்சம் சளி, இடைக்கிடை ஒரு சோர்வு. முதலில் தூசு என்றார்கள், பிறகு தொய்வு (ஆஸ்துமா) என்று பம்ப் கொடுத்தார்கள். ‘மைக்கோ’ என்று தொடங்கும் சொல்லை அறிக்கையில் கண்டதும் மகள் முதல் வேலையாக மாமியின் சாப்பாட்டுக் கோப்பையையும் தேநீர்க் கோப்பையையும் வேறாக எடுத்து வைத்துவிட்டார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் காசநோய்கூடக் கோப்பையால் பரவுவதில்லை. நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகளை மற்றவர் சுவாசிப்பதால்தான் அது தொற்றுகிறது. மாமிக்கு வந்திருப்பதோ, பொதுவாக ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாத வகை.

மைக்கோபற்றீரியம் என்பது ஒரு பெரிய குடும்பம். அதில் ஊரறிந்த பிள்ளைகள் இரண்டு. ஒன்று காசநோய்க் கிருமி. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ரொபர்ட் கொக் உலகத்துக்கு அறிவித்தது இதைத்தான். மற்றது தொழுநோய்க் கிருமி. காசநோயைத் தரும் கிருமிக் கூட்டத்தையும் தொழுநோய்க் கிருமிகளையும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 200 அளவிலான இனங்கள். இவற்றுக்கெல்லாம் பொதுவாகக் காசநோயல்லாத மைக்கோபற்றீரியா என்று பெயர். சுருக்கமாக என்.டி.எம். ஆய்வுகூடத்துப் பழைய ஆட்கள் ‘மொட்’ என்பார்கள். மாமிக்கு நான் சொன்னது, “உது கசத்தின்ரை ஒன்றுவிட்ட சகோதரம், மாமி. முகச்சாயல் ஒண்டு, குணம் வேறை.”

அந்த முகச்சாயல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என்பதால், அது எப்படி வருகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்தக் குடும்பத்துக் கிருமிகள் எல்லாவற்றின் சுவரிலும் மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் படை உண்டு. சாதாரணச் சாயம் அதற்குள் இறங்காது. ஆகவே நாங்கள் சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிக் காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் நெருப்பைக் காட்டுவோம். ஆவி எழும்ப வேண்டும், கொதிக்கக் கூடாது. அந்தச் சூட்டில் சாயம் மெழுகைத் தாண்டி உள்ளே போய்விடும். பிறகு அமிலத்தால் கழுவுவோம். மற்றக் கிருமிகள், சளியிலுள்ள கலங்கள் எல்லாம் வெளுத்துப்போகும். மெழுகுச் சுவர்க்காரர் மட்டும் பிடித்த சிவப்பை விடமாட்டார். கடைசியாக ஒரு நீலச் சாயம். இப்போது எண்ணெய்த் துளி விட்டு ஆயிரம் மடங்கு பெருப்பித்துப் பார்த்தால், நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள். சீல்-நீல்சன் முறை என்ற இந்தச் சாயமேற்றல் நூறு வருடத்துக்கு மேல் பழசு. இன்றும் எங்கள் மேசையில் இருக்கிறது.

ஆனால் அந்தச் சிவப்புக் குச்சியைப் பார்த்து, அது கசமா, ஒன்றுவிட்ட சகோதரமா என்று எவராலும் சொல்ல முடியாது. இருபது வருடம் நுணுக்குக்காட்டியில் குனிந்தவராலும் முடியாது. இன்னொன்றும் உண்டு. ஒரு மில்லிலீற்றர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் தகட்டில் ஒன்று கண்ணில் படும். அதற்குக் குறைந்தால் ‘இல்லை’ என்றுதான் எழுதுவோம். மாமியின் அறிக்கையின் முதல் வரி அப்படி வந்ததுதான்.

ஐந்து மாதம் தின்ற குளிசை

இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,000 முதல் 9,000 பேர் வரை காசநோயாளராகப் பதிவாகிறார்கள். அதில் கொழும்பு மாவட்டத்தின் பங்கு பெரிது. ஆகவே இங்கே ஒருவரின் சளியில் சிவப்புக் குச்சி தெரிந்தால், அது காசநோய் என்று நினைப்பதில் பிழையில்லை. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பிழை, அந்த நினைப்போடு நின்றுவிடுவதில்தான்.

பல வருடங்களுக்கு முன்னர், ஜீன்எக்ஸ்பேர்ட் பரவலாக வரமுதல், ஒருவரைக் கண்டேன். புறக்கோட்டையில் நாட்டாமையாக மூட்டை சுமந்தவர். நாற்பது வருடப் பீடி. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் குழி, சளியில் நிறையச் சிவப்புக் குச்சி. ஓரிடத்தில் காசநோய் மருந்து தொடங்கினார்கள். ஐயா ஒரு நாளும் தவறவிடவில்லை. ஐந்தாம் மாதமும் தகடு சிவப்பாகவே இருந்தது. “ஒழுங்காக் குளிசை போடுறேல்லைப் போல” என்று முதலில் அவரில்தான் பழி. பிறகு, மருந்துக்கு அடங்காத காசநோயோ என்ற பயம். சளியை வளர்த்துப் பார்க்கும் யோசனை அதன் பிறகுதான் வந்தது. வளர்ந்தது மைக்கோபற்றீரியம் இன்ட்ராசெல்லுலாரே என்ற என்.டி.எம். இனம். காசநோய் மருந்துகளில் பைரசினமைட் அதற்கு வேலை செய்யாது. ஐசோனியசிட்டும் பெரிதாக ஒன்றும் கிழிக்காது. ஐந்து மாதமாக அந்த மனிதர் பாதி வெறுங்கையோடு சண்டை பிடித்திருக்கிறார்.

இன்று இந்தத் தவறு நடக்க வாய்ப்புக் குறைவு. 2010 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் ஜீன்எக்ஸ்பேர்ட் முறையை அங்கீகரித்தது. அது காசநோய்க் கிருமிக் கூட்டத்தின் மரபணுத் துண்டை மட்டும் தேடும், இரண்டு மணித்தியாலத்துக்குள் பதில் சொல்லும். ஒன்றுவிட்ட சகோதரங்களை அது கணக்கெடுப்பதில்லை. ஆகவே தகட்டில் சிவப்பு நிறையத் தெரிந்து, ஜீன்எக்ஸ்பேர்ட்டில் இல்லை என்று வந்தால், அந்த இடத்திலேயே என்.டி.எம். பற்றி யோசிக்க வேண்டும். (மறுவளமாக, கிருமி மிகக் குறைவாயிருந்தால் உண்மையான காசநோயையும் அது தவறவிடலாம். அதனால்தான் வளர்ப்புச் சோதனையை இன்னும் யாரும் கைவிடவில்லை.)

தண்ணீர் டாங்கியில் குடியிருப்பவர்

காசநோய்க் கிருமிக்கு வீடு மனித உடம்பு. என்.டி.எம். இனங்களுக்கு வீடு மண்ணும் தண்ணீரும். நம் உடம்புக்கு அவை வழிதவறித்தான் வருகின்றன.

கொழும்புக்குத் தண்ணீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். வயிற்றோட்டக் கிருமிகள் அதில் செத்துப்போகும். ஆனால் சிவப்புச் சாயத்தை உள்ளே விட மறுத்த அதே மெழுகுச் சுவர், குளோரினையும் விட மறுக்கிறது. குடலில் வாழும் ஈ.கோலை கிருமியோடு ஒப்பிட்டால், மைக்கோபற்றீரியம் ஏவியம் என்ற என்.டி.எம். இனம் நூற்றுக்கணக்கான மடங்கு குளோரினைத் தாங்கும். குழாயின் உட்பக்கத்தைத் தடவினால் விரலில் ஒரு வழுவழுப்பு ஒட்டுமே, அந்தப் பாசிப் படையில் இவை சுகமாகக் குடியிருக்கின்றன. மொட்டைமாடி டாங்கி, நாட்கணக்காகத் திறக்காத விருந்தினர் அறைக் குழாய், இளஞ்சூட்டில் தண்ணீரை வைத்திருக்கும் ஹீட்டர், ஷவரின் துளைகள் எல்லாம் அவற்றுக்குப் பிடித்த இடங்கள்.

இது கொழும்புத் தண்ணீரின் குறை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லண்டனிலும் டோக்கியோவிலும் குழாயைச் சுரண்டினாலும் இதே கதைதான். அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நுரையீரல் கெடுவதுமில்லை. ஷவரில் தண்ணீர் நுண்துளியாகச் சிதறும்போதும், காய்ந்த மண்ணைக் கிளறும்போதும் கிருமி காற்றில் ஏறுகிறது. அதை நாம் எல்லோரும், இதை எழுதும் நானும், தினமும் சுவாசிக்கிறோம்.

அப்படியென்றால் ஏன் எல்லோருக்கும் வருத்தம் வருவதில்லை? சுவாசக் குழாயின் உட்சுவரில் நுண்மயிர்கள் உண்டு. சளிப் படலத்தை இடைவிடாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டேயிருக்கும். விழுந்த தூசும் கிருமியும் அதில் ஒட்டித் தொண்டைக்கு வந்து, நமக்குத் தெரியாமலே விழுங்கப்பட்டுவிடும். இந்தத் துப்புரவு ஒழுங்காக நடக்கும் நுரையீரலில் என்.டி.எம். தங்க முடியாது.

துப்புரவு கெட்ட நுரையீரல்தான் பிரச்சினை. முன்னர் காசநோய் வந்து தழும்பு விட்டுப் போனவர், நெடுங்காலப் புகையால் நுரையீரல் கெட்டவர், கல்லுடைக்கும் தூசைச் சுவாசித்தவர், இவர்களுக்கு ஆபத்து கூட. எய்ட்ஸ் நோயோ, மூட்டுவாதத்துக்கு எடுக்கும் சில ஊசிகளோ, நீண்டகால ஸ்டீரொயிட்டோ எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தாலும் அப்படித்தான். எல்லாவற்றிலும் முக்கியமானது பிரொங்கியெக்டாசிஸ், அதாவது சுவாசக் குழாய் நிரந்தரமாக விரிந்து தொய்ந்துபோவது. இலாஸ்ரிக் இழுபட்டுப்போன பழைய காற்சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். தொய்ந்த இடத்தில் சளி தேங்கும், தேங்கிய சளியில் கிருமி குடியேறும், கிருமியால் குழாய் மேலும் தொய்யும்.

நோயாளிகளில் இரண்டு சாயலை அடிக்கடி காணலாம். ஒன்று அந்த நாட்டாமை ஐயா போல. நெடுங்காலம் புகைத்தவர், நுரையீரலின் மேற்பகுதியில் குழி, பார்த்தால் காசநோயேதான், வேகமாகவும் முற்றும். மற்றது மாமியைப் போல. மாதவிடாய் நின்ற வயதைக் கடந்த, மெலிந்த, புகைக்கவே புகைக்காத பெண். பாதிப்பு நுரையீரலின் நடுப்பகுதியில். சீ.டி. ஸ்கேனில் தொய்ந்த குழாய்களும், மொட்டுவிட்ட கிளை போலச் சின்னச் சின்னப் புள்ளிகளும் தெரியும். வருடக்கணக்கில் மெதுவாக நகரும். இருமல், சளி, சோர்வு, எடை குறைதல், சிலநேரம் இரவில் வியர்வை, சளியில் இரத்தக் கீற்று. இவற்றில் எதையும் வைத்து இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. தொய்வு, சளிச்சுரம், காசநோய், புற்றுநோய் எல்லாம் இதே முகத்தோடு வரும். அதனால்தான் மாமி ஒன்றரை வருடம் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்.

பச்சைப் போத்தல்

எங்கள் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்கோபற்றீரியாவை வளர்க்க லோவன்ஸ்ரைன்-யென்சன் என்ற ஊடகம் உண்டு. முட்டையை அடித்து, உப்புகளும் கிளிசரோலும் சேர்த்து, சாய்வாக வைத்து அவித்து எடுப்பது. வட்டிலப்பம் அவிக்கிற மாதிரித்தான், ஆனால் மலகைற் பச்சை என்ற சாயம் சேர்ப்பதால் பாசிப் பச்சை நிறம். அந்தச் சாயம் மற்றக் கிருமிகளை அடக்கிவைக்கும்.

காசநோய்க் கிருமி இதில் வளர மூன்றிலிருந்து எட்டுக் கிழமை எடுக்கும். காய்ந்த பாண் துகளைத் தூவிவிட்டது போல, சொரசொரப்பாக, மங்கிய மஞ்சள் வெள்ளையில் வரும். ஒன்றுவிட்ட சகோதரங்கள் அவரவர் இஷ்டத்துக்கு வருவார்கள். சிலர் ஒரு கிழமைக்குள். ஏவியமும் இன்ட்ராசெல்லுலாரேயும் வழுவழுவென்று வெளிறிய புள்ளிகளாக. கோர்டோனே தோடம்பழ நிறத்தில். கான்சாசி என்றொன்று, இருட்டில் வளர்த்தால் வெள்ளையாயிருக்கும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு மணித்தியாலம் வெளிச்சத்தில் வைத்துவிட்டு அடுத்த நாள் பார்த்தால் எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். முதல்முறை அதைக் கண்ட அன்று வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் நின்றேன். வெளிச்சத்துக்கு நிறம் மாறுவதா, இருட்டிலேயே நிறமா, நிறமே இல்லையா, விரைந்து வளர்வதா என்று 1959ல் ரன்யன் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் நான்கு கூட்டமாகப் பிரித்தார். இப்போது இனத்தைத் தீர்மானிப்பது மரபணுச் சோதனை. என்றாலும் போத்தலின் நிறத்தைப் பார்த்து மனதுக்குள் பந்தயம் கட்டும் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை.

எந்த இனம் என்பது முக்கியம். கான்சாசி வளர்ந்தால் பெரும்பாலும் உண்மையான நோய்தான், மருந்துக்கும் நன்றாகக் கேட்கும். அப்செசஸ் என்ற இனம் விரைந்து வளரும், ஆனால் மருந்துக்கு அடங்காத முரடன். வழமையான காசநோய்க் குளிசை எதுவும் அதற்கு எட்டாது. உலகத்தின் பல பாகங்களில் நுரையீரலில் அதிகம் காணப்படுவது ஏவியமும் இன்ட்ராசெல்லுலாரேயும் அடங்கிய கூட்டம். கோர்டோனே வளர்ந்தால், அநேகமாகக் குழாய்த் தண்ணீர் போத்தலுக்குள் போயிருக்கிறது.

அது எப்படிப் போகும்? மாமியிடம் கேட்டேன், “சளி எடுக்கமுதல் என்ன செய்தனீங்கள், மாமி?”

“வாயைக் கொப்பளிச்சிட்டுத்தான். பல்லுத் தீட்டாமல் எப்பிடித் தம்பி டொக்டருக்குக் குடுக்கிறது?”

டாங்கித் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு இருமித் துப்பினால், போத்தலில் வருவது நுரையீரலின் கிருமியா குழாயின் கிருமியா என்று யார் கண்டார்? நாட்டாமை ஐயாவுக்கு நடந்தது ஒரு பிழை. எல்லாச் சிவப்பும் கசம் என்று நினைத்தது. இங்கே காத்திருப்பது அதற்கு நேர் எதிரான பிழை. வளர்ந்ததெல்லாம் நோய் என்று நினைத்து, தேவையில்லாத ஒருவருக்கு ஒன்றரை வருடம் கடுமையான மருந்து கொடுப்பது. இந்த இரண்டாவது பிழையைப் பற்றி நம்மவர்கள் போதிய அளவு பயப்படுவதில்லை என்பது என் அபிப்பிராயம். அறிக்கையில் கிருமியின் பெயர் இருந்தால் மருந்து கேட்காமல் வீட்டுக்குப் போகிற ஆள் நம்மில் யார்?

இதற்காகத்தான் 2007ல் அமெரிக்க மார்பு நோய், தொற்றுநோய் மருத்துவர் சங்கங்கள் ஒரு நிபந்தனை வகுத்தன. 2020ல் ஐரோப்பியச் சங்கங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலிலும் அது தொடர்கிறது. மூன்று விடயமும் ஒன்றுசேர வேண்டும். நோயாளிக்கு அறிகுறி இருக்க வேண்டும். எக்ஸ்ரேயிலோ சீ.டி.யிலோ பொருந்திவரும் மாற்றம் தெரிய வேண்டும், வேறு காரணங்கள் விலக்கப்பட்டிருக்க வேண்டும். வெவ்வேறாக எடுத்த குறைந்தது இரண்டு சளியில் ஒரே இனம் வளர வேண்டும். சளி வராதவருக்கு, குழாய் விட்டுக் கழுவியெடுத்த நீரில் ஒருமுறை வளர்ந்தால் போதும். நுரையீரல் தசைத் துண்டில் உரிய மாற்றம் தெரிந்து கிருமியும் கிடைத்தாலும் சரி. காசநோயில் ஒரு சளியில் ஒருமுறை வளர்ந்தாலே மருந்து தொடங்கிவிடுவார்கள். இங்கே ஒருமுறை வளர்ந்தது சாட்சியாகாது.

ஆகவே மாமி இன்னும் இரண்டு நாள், வெவ்வேறு கிழமைகளில், காலை எழும்பியவுடன் சளி கொடுத்தார். கொப்பளிக்க வேண்டுமென்றால் கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீர் என்று மகளிடம் சொல்லிவைத்தேன். எச்சில் வேண்டாம், அடிநெஞ்சிலிருந்து வருவதுதான் வேண்டும் என்பதையும் சொன்னேன். பத்துப் போத்தலில் நான்கு எங்களுக்கு வெறும் எச்சிலாகத்தான் வருகிறது என்று மாமியிடம் கொஞ்சம் மிகைப்படுத்தியும் சொன்னேன். டீன்ஸ் வீதியிலுள்ள மத்திய மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்திலோ, வேறெந்த மாவட்ட மார்புச் சிகிச்சை நிலையத்திலோ காசநோய்க்கான சளிச் சோதனை இலவசம். நீடித்த இருமல்காரர் யாருக்கும் அதுதான் முதல் வாசல். தேசிய காசநோய் ஆய்வுகூடம் இருப்பது வெலிசறையில், சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இருக்கும் இடத்தில்.

“அப்ப ஏன் மருந்து தரேல்லை?”

மூன்று போத்தலில் முதலாவதிலும் மூன்றாவதிலும் இன்ட்ராசெல்லுலாரே. இரண்டாவதில் எட்டுக் கிழமையும் ஒன்றும் வளரவில்லை. சீ.டி.யில் நடுப்பகுதியில் தொய்ந்த குழாயும் புள்ளிகளும். குழி இல்லை. நிபந்தனை நிறைவேறிவிட்டது. மாமிக்கு இருப்பது என்.டி.எம். நுரையீரல் நோய்தான். ஆனால் மார்பு வைத்திய நிபுணர் மருந்து எழுதவில்லை. மாமிக்கு அது விளங்கவேயில்லை. வருத்தம் இருக்கு எண்டுறார், மருந்து தரேல்லை, இவர் உண்மையிலை டொக்டர்தானோ?

மருந்து என்றால் என்னவென்று தெரிந்தால் அந்தத் தயக்கம் விளங்கும். ஏவியம், இன்ட்ராசெல்லுலாரே கூட்டத்துக்கு வழமையான சிகிச்சை மூன்று மருந்து: அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எதாம்பியூட்டோல். குழியில்லாத, மெதுவாக நகரும் வகைக்குக் கிழமைக்கு மூன்று நாள். குழி இருந்தால் தினமும், அதோடு முதல் சில மாதம் அமிகாசின் அல்லது ஸ்ரெப்டோமைசின் ஊசி. சளியில் கிருமி வளராமல் போன நாளிலிருந்து மேலும் 12 மாதம் தொடர வேண்டும். சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை வருடம் எளிதாக ஓடிவிடும். காசநோய்க்கு வழமையாக ஆறு மாதம்தான்.

ரிஃபாம்பிசின் எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகும். அது பயப்படும் விடயமல்ல, முன்கூட்டியே சொல்லாவிட்டால்தான் இரத்தம் என்று நினைத்து ஓடிவருவார்கள். வேறு மருந்துகளின் வேலையையும் அது குறைக்கும், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை உட்பட. எதாம்பியூட்டோல் கண்ணைப் பாதிக்கலாம். முதலில் மங்குவது சிவப்பும் பச்சையும் பிரித்தறியும் திறன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, தட்டிலுள்ள பச்சை மிளகாயையும் செத்தல் மிளகாயையும் பார்ப்பது, பிறகு மற்றக் கண்ணால் பார்ப்பது வீட்டில் செய்யக்கூடிய காவல். வித்தியாசம் மங்கினால் அடுத்த குளிசை போடமுதல் டொக்டரிடம் போக வேண்டும். கண் கிளினிக்கில் செய்யும் சோதனைக்கு இது பதிலாகாது. அமிகாசினும், சிலருக்கு அசித்ரோமைசினும், காதைப் பாதிக்கும். இவ்வளவையும் தாண்டி முடித்தாலும் திரும்ப வருவது உண்டு. பழைய கிருமி எழும்புவது ஒரு வழி. அதே டாங்கியிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ புதிதாக ஒன்று வந்து ஏறுவது இன்னொரு வழி.

நாட்டாமை ஐயாவைப் போல நுரையீரலில் குழி, அல்லது தகட்டிலேயே தெரியும் அளவுக்குக் கிருமி, எடை இறங்கிக்கொண்டேயிருப்பது, இவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. மருந்து தொடங்க வேண்டும். மாமிக்கு இவை ஒன்றுமில்லை. இப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கிருமி தானாகவே இல்லாமல் போவதும் உண்டு. ஆகவே மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை சளி, குறித்த இடைவெளியில் ஸ்கேன், எடைக் கணக்கு. அதுவரை சளியை வெளியேற்றும் பயிற்சி.

அந்தப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபோது மாமி சிரித்துவிட்டாராம். ஆழமாக மூச்செடுத்து, வாயைத் திறந்து, முகக்கண்ணாடியில் புகார் படியவைப்பது போல “ஹா” என்று அழுத்தி விட வேண்டும். இரண்டு மூன்று தரம். பிறகு சாதாரண மூச்சு. திரும்பவும் “ஹா”. இருமி இருமிக் களைக்காமல் சளி மேலே வரும். காலையும் மாலையும் பதினைந்து நிமிடம். சிலருக்கு உப்புச்செறிவு கூடிய நீரை ஆவியாக்கிச் சுவாசிக்கக் கொடுப்பார்கள், சளி இளகும். எடை குறையாமல் சாப்பிடுவதும் சிகிச்சையின் பகுதிதான். மெலிந்த உடம்பில் இந்த நோய் வேகமாகப் போகும்.

ஒன்றை இங்கே கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாமியின் அலுமாரியில் அசித்ரோமைசின் பெட்டி மூன்று இருந்தது. இருமல் கூடும்போதெல்லாம் பாமசியில் கேட்டு வாங்கிய மூன்று நாள் கோர்ஸ். மாமியின் வகைக் கிருமிக்கான சிகிச்சையின் முதுகெலும்பே அந்த மருந்துதான். அதைத் தனியாக, துணை மருந்தில்லாமல் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். பிறகு மூன்று மருந்துச் சிகிச்சையில் மிஞ்சுவது அரைகுறைதான். லீவோஃப்ளோக்சசின் என்ற இன்னொரு அன்டிபயோட்டிக்கை அப்படி வாங்கி விழுங்குவது இன்னும் மோசம். காசநோயை அது கொஞ்சக் காலம் அமுக்கி மறைத்துவிடும். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் பாமசிக்குப் போகாமல் சளிச் சோதனைக்குப் போங்கள்.

வீட்டில் என்ன மாற்றுவது என்று மகள் கேட்டார். ஷவரைக் கழற்றிக் கழுவலாம், பழசென்றால் மாற்றலாம். குளியலறை யன்னலைத் திறந்து வைக்கலாம். ஹீட்டரில் தண்ணீரைத் தேக்கி வைப்பதென்றால் 55 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் வைக்கலாம், குளிக்கும்போது கலந்துகொள்ளலாம். பூச்சாடி மண்ணைக் கிளறமுதல் நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம். இவற்றைச் செய்தால் நோய் வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஏற்கனவே நுரையீரல் பழுதானவர் உள்ள வீட்டில் செய்வதால் நட்டமில்லை, அவ்வளவுதான். மற்றவர்கள் ஷவரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மாமி தானாகவே வாளிக்கும் கோப்பைக்கும் மாறிவிட்டார். ஊரில் கிணற்றடியில் குளித்தவருக்கு அது கஷ்டமா என்ன?

வேறாக எடுத்து வைத்த சாப்பாட்டுக் கோப்பை, நான் போன அன்றே மற்றவற்றோடு அடுக்கப்பட்டுவிட்டது. பேரப்பிள்ளை மாமியின் மடியில் ஏறத் தடை ஒன்றுமில்லை.

கடந்த கிழமை படியில் கண்டேன். எடை அரைக் கிலோ கூடியிருக்கிறதாம். அடுத்த சளிப் போத்தல் ஓகஸ்ட் இரண்டாம் கிழமை, கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறார். “இந்த முறை என்ன நிறத்திலை வளருது எண்டு எனக்கும் காட்டும்” என்றார். என் மேசைக்கு அது வராது மாமி, வேறு இடத்துக்குப் போகும் என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.